ஈரத்துண்டு

"ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் கேட்டிருக்கும்!"

மனநல ஆஸ்பத்திரியின் காந்த சிகிச்சை அறையில் அந்த அம்மாள் இன்றும் ஆரம்பித்துவிட்டாள்.

நாற்காலியில் அவள் கணவர். போர்முனையிலிருந்து மனசு உடைந்து திரும்பிய பட்டாளத்துக்காரர். தலையில் காந்தச் சுருள், காதில் அடைப்பான். அதையும் தாண்டிக் கேட்க வேண்டுமென்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

பதினோரு நாளாக இதே கூத்து. மூடாத குழாய், தொலைத்த குடை, வாசலில் உதறிய செருப்பு.

டெக்னீஷியன் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷனுக்கு இருபது நிமிஷ நிம்மதிகூடக் கிடையாதா?

"அம்மா, இன்னிக்கு வெளிய உக்காருங்க."

"நான் இல்லேன்னா அவரு..."

"சாரைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க. மிச்சத்தை வீட்டுல போய்த் திட்டிக்கலாம்."

கதவைச் சாத்திவிட்டு மெஷினைப் போட்டாள். டக் டக் டக் டக்.

மூன்றாவது நிமிடம் அவர் விரல்கள் கைப்பிடியை இறுக்கின. நெற்றி வியர்த்தது. சட்டென்று நழுவி இறங்கித் தரையில் பதுங்கினார்.

அவள் பதறிப்போய் மெஷினை நிறுத்தினாள். "சார்! என்ன ஆச்சு?"

"அவ எங்க?"

"வெளியதான் இருக்காங்க. நீங்க நிம்மதியா இருக்கணும்னுதான்..."

"துப்பாக்கி சுடற மாதிரி இந்தச் சத்தம் கேட்டா அங்கேயே போயிடறேன்." மூச்சு வாங்கினார். "அவ கத்தினாத்தான் வீட்டுல இருக்கோம்னு தெரியும். சண்டை நடக்கிற இடத்துல ஈரத்துண்டுக்கெல்லாம் யாரும் திட்ட மாட்டாங்கம்மா."

எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "போதும். இனிமே வரலை."

முன்பு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாம் நாளே ஓடிவந்தவர் என்று ஃபைலில் இருந்தது. மருந்து மாத்திரை எதற்கும் குணமாகாமல் கடைசியாக இங்கே வந்திருந்தார்.

அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். "அம்மா, சீக்கிரம் வாங்க!"

அந்த அம்மாள் உள்ளே வரும்போதே தொடங்கிவிட்டாள். "எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க! அந்தக் குடையை எந்த பஸ்ல விட்டீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல!"

அவர் உட்கார்ந்தார். மெஷின் தட்டியது. விரல்கள் தளர்ந்தன.

முடிந்ததும், வெளிப் பெஞ்சில் அந்த அம்மாள் விட்டுவந்த தாளை டெக்னீஷியன் பெண் எடுத்துக் கொடுத்தாள். குழாய், குடை, செருப்பு என்று வரிசையாக எழுதியிருந்தது. பாதி அடிக்கப்பட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"திட்டறதுக்கும்மா. எழுதி வெச்சுக்கலேன்னா இருபது நிமிஷம் தாங்காது."

"அப்போ சார் இதெல்லாம் செய்யலையா?"

"பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடி செஞ்சது. இப்ப ஏது? உக்கார வெச்ச இடத்துலயே உக்காந்திருக்காரு."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரே ஒரு நாள் அந்த ஈரத்துண்டைக் கட்டில்ல போட மாட்டாரான்னு இருக்கும்மா."