நாலு மணிக்கு எழுப்பணும்

"ஒரு ரூம்ல மணி அடிக்கலைன்னாலும், நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்மா."

மேனேஜர் பரக்கத் அலி இப்படிச் சொன்னதும் ஃபெமினா அறைப் பட்டியலை இன்னொரு தரம் சரிபார்த்தாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் அவள் ரிசப்ஷனுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது. தானாகவே அறைக்கு அறை போன் அடித்து எழுப்பும் ஏற்பாடு வந்து இரண்டே நாள். கம்ப்யூட்டரில் அறை எண்ணையும் நேரத்தையும் தட்டிவிட்டால் போதும். "வணக்கம், எழுந்திருங்க, நேரமாச்சு" என்று அவள் குரலே பேசும்.

இரண்டாம் மாடி முழுக்க மாப்பிள்ளை வீட்டார், மணப்பாறைக்காரர்கள். மூன்றாம் மாடி பெண் வீட்டார். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் ஸ்ரீரங்கத்தில் முகூர்த்தம். எல்லோரையும் நாலு மணிக்கு எழுப்ப வேண்டும். கல்யாண வீட்டில் அத்தனை பேர் கையிலும் போன் இருக்கும். அலாரம் வைப்பது மட்டும் அடுத்தவர் வேலை. "அதான் லாட்ஜ்லயே எழுப்புறாங்களே" என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள் புண்ணியவான்கள்.

சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்தவள் திடுக்கிட்டாள். கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன் அவள் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்தான்.

"யாருங்க நீங்க?"

"சார்ஜர் இருக்கான்னு பார்த்தேங்க" என்றவன், விறுவிறுவென்று வாசலைத் தாண்டி மறைந்துவிட்டான்.

திரையைப் பார்த்தாள். மூன்றாம் மாடியில் கை வைக்கவில்லை. இரண்டாம் மாடிக்கு மொத்தமும் ஒன்பது மணி!

"யா அல்லாஹ்! நகைம்மா, நகை!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மாடியில மட்டும் இருநூறு பவுன் தேறும். விடியக்காலையில அசந்து தூங்குறப்ப வாரிட்டுப் போகப் பார்க்குறான்."

"போலீஸுக்குச் சொல்லலாமா சார்?"

"சொன்னா லாட்ஜ் பேரு நாறிப்போயிடும். வா மேல."

ஃபெமினா பழையபடி நாலு மணிக்கே மாற்றினாள். இருவருமாக மாடிக்குப் போய், வாட்ச்மேன் மதுரைவீரனைத் தடியோடு படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். கீழே வந்தால், மருதாணி உதிரும் கையோடு ஒரு பெண் ரிசப்ஷனில் நின்றிருந்தாள்.

"அக்கா, ஹேர்பின் கிடைக்குமா?"

அந்தப் பதற்றத்திலும் தன் தலையிலிருந்தே இரண்டு உருவிக் கொடுத்தாள் ஃபெமினா.

காலை நாலு மணி. இரண்டாம் மாடியில் எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறின. மதுரைவீரனும் எழுந்துகொண்டான். ஃபெமினா படிக்கட்டில் நின்று, இறங்குகிறவர்களின் சட்டையை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லோரும் பட்டும் ஜரிகையும்தான். கட்டம்போட்ட சட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு மூக்குத்திகூடக் காணாமல் போகவில்லை.

"பொண்ணு வீட்டார் நமக்கு முன்னாடியே போயிருப்பாங்க" என்றபடி பஸ் ஏறினார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"சபாஷ்ம்மா! உன் வேலைக்கு இனி பயமே இல்லை" என்றார் மேனேஜர். ஃபெமினாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஏழே காலுக்கு மண்டபத்திலிருந்து பெரியப்பா போனில் கத்தினார். "என்னங்க அநியாயம் இது? முகூர்த்தம் முடியப்போவுது, பொண்ணு வீட்ல ஒரு ஈ காக்கா வரலை! போனையும் எடுக்க மாட்டேங்குறாங்க!"

ஃபெமினா பதறிப்போய்த் திரையைத் திறந்தாள். மூன்றாம் மாடிக்கு மொத்தமும் ஒன்பது மணி. கீபோர்டு இடுக்கில் காய்ந்த மருதாணித் துணுக்குகள்.

போச்சு, வேலை போச்சு என்று புலம்பிக்கொண்டே மாடிக்கு ஓடினாள். ப்யூட்டீஷியன் உட்பட மாடி மொத்தமும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. முதல் அறைக் கதவு மட்டும் தட்டியதுமே திறந்தது. ஹேர்பின் கேட்ட அதே பெண், குளித்து முடித்து, கையில் காபியோடு நின்றாள்.

"நீங்களா கல்யாணப் பொண்ணு?"

"ஆமாக்கா, கனிஷ்கா. இந்தக் கல்யாணம் வேணாம்னு ரெண்டு வீட்லயும் கெஞ்சிப் பார்த்தாச்சு, யாரும் காதுல வாங்கலை. அதான் ஆளுக்கொரு மாடின்னு பேசி வச்சிருந்தோம். 'என் மாடியை எழுப்பிவிட்ட மகராசி யாரு'ன்னு இப்பதான் போட்டோ அனுப்பிக் கேக்குறாரு."

அவள் நீட்டிய போனில், பட்டுச் சட்டையில், மாலையும் கழுத்துமாக மணமேடையில் தனியாக உட்கார்ந்திருந்தான், அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரன்.