பட்டறைப் பக்கம் திருப்பிய குழாய்

மரம் அரிகிற வாள் மெசினை விற்பதற்குக் குகதாசன் நாள் பார்த்தது கோயில் திருவிழா நோட்டீசில்.

உடுவிலில் அவன் வளவோடு ஒட்டினாற்போல அம்மன் கோயில். திருவிழா முடியும்வரை லவுட்ஸ்பீக்கர் ஓயாது. கொடியேறும் அன்றே குழாய் கட்ட வந்தவரைப் பிடித்து, ஒரு குழாயைத் தன் மரப் பட்டறைப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டான்.

"அம்மாளின்ரை பாட்டைக் கேட்டுக்கொண்டு வேலை செய்தால் மனசுக்கு ஒரு சுகம்."

ஊரும் அவன் பக்தியை மெச்சியது.

உண்மை வேறு. வாளைச் சுழற்றுகிற சாப்ட்டின் பெயரிங் போய்விட்டது. பெயரிங் மட்டுமென்றால் மாற்றியிருப்பான். சாப்ட்டும் தேய்ந்துவிட்டது. வேகம் பிடித்ததும் உள்ளே கறகறவென்று ஒரு சத்தம். என்றைக்கோ ஒருநாள் பலகை தள்ளுகிறவன் கையில்தான் இது போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

முன்பு அமைதியான காலை நேரத்தில் மெசினைப் பார்க்க வந்த இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். புது மெசினுக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. இந்த மாதத்துக்குள் இதைத் தள்ளிவிடாவிட்டால் அதுவும் போய், தொழிலும் படுத்துவிடும்.

மூன்றாவதாக வந்தது கொழும்புத்துறையிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும். கிறிஸ்ரி, ஜெசிதா. தளபாடம் செய்கிறவன் கிறிஸ்ரி என்றாலும், ஃபோனில் கதைத்தது முழுக்க ஜெசிதாதான்.

"வாங்கோ தம்பி, வாங்கோ," என்றான் குகதாசன்.

கிறிஸ்ரி திரும்பியும் பார்க்கவில்லை. நேரே மெசினடிக்குப் போனான்.

குகதாசனுக்குச் சுருக்கென்றது. வீடு தேடி வந்தவனுக்கு இவ்வளவு திமிரா? இத்தனை நாளாய் நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது அந்த நிமிடமே அடங்கிப்போனது. உவனுக்கு விற்றால் ஒரு பாவமும் இல்லை.

கிறிஸ்ரி இரும்பு மேசைமேல் ஒரு நேர்ச்சட்டத்தை நிறுத்தி, கீழால் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தான். கைச்சக்கரத்தைச் சுழற்றி வாளை ஏற்றினான், இறக்கினான், சரித்தான். மெசினின் பக்கக் கதவைத் திறந்து பெல்ட்டை அழுத்தினான்.

"மோட்டர் எப்பவாவது மாத்தினதோ, அண்ணை?" கேட்டது ஜெசிதா.

"இல்லைப் பிள்ளை. வாங்கின மாதிரியே கிடக்கு."

அவள் கணவனுக்கு முன்னால் போய் நின்று, முகத்துக்கு நேரே அதைத் திருப்பிச் சொன்னாள். மனுசியின் ஆட்சிதான் போலிருக்கிறது என்று குகதாசன் நினைத்துக்கொண்டான்.

"ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ, அண்ணை."

"பொறுங்கோ, வயரை ஒருக்காப் பாக்கிறன்."

வயரில் பார்க்க ஒன்றுமில்லை. பாட்டு உச்சத்துக்கு ஏறட்டும் என்று இழுத்தடித்தான். மேளமும் நாதஸ்வரமும் ஒன்றாகச் சேர்ந்து முழங்கியபோது சுவிச்சைப் போட்டான். வாள் சுழன்றது. கறகறப்பு அவன் காதுக்கே கேட்கவில்லை. அம்மாளை மனதுக்குள் கும்பிட்டபடி ஒரு வேப்பம் பலகையைத் தள்ளி அரிந்து காட்டினான்.

கிறிஸ்ரி மெசினின் பக்கத் தகட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான்.

மெசினுக்குச் செபம் சொல்கிறானாக்கும். குகதாசனுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் செபம் முடிகிறபாடாய் இல்லை. பாட்டோ முடியப் போகிறது. ஒவ்வொரு வருடமும் கேட்ட பாட்டு, அவனுக்குத் தெரியாதா? கடைசி வரி வந்துவிட்டது. விரைந்து போய்ச் சுவிச்சை நிறுத்தினான். வாள் ஓயவும் பாட்டு ஓயவும் சரியாக இருந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டான்.

கிறிஸ்ரி கண்ணைத் திறந்தான். மனைவியின் காதோடு ஏதோ சொன்னான். இரண்டு மூன்று வார்த்தையல்ல, கொஞ்ச நேரம் சொன்னான்.

"அண்ணை, பெயரிங் போயிட்டுதாம். சாப்ட்டும் தேஞ்சு கிடக்காம். எங்களுக்கு இது சரிவராது."

குகதாசனின் முகம் கறுத்தது. பிடிபட்டவனுக்கு வருகிற கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உந்த இரைச்சலுக்கை உம்மடை மனுசனுக்கு எப்பிடிக் கேட்டது? வாங்கோ எண்டதுக்கே மறுமொழி சொல்லாத ஆள். இப்ப என்ரை மெசினிலை குறை பிடிக்க வந்திட்டார்."

கிறிஸ்ரி ஒன்றுமே நடக்காதது போல மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோவிக்காதேங்கோ, அண்ணை." ஜெசிதாவின் குரல் இறங்கியது. "சின்ன வயசிலை, சண்டைக்குள்ளை பக்கத்திலை செல் விழுந்து வெடிச்சதோடை அவருக்கு ரெண்டு காதும் கேளாது. மெசின் பாக்கிறது முழுக்கக் கையாலைதான். தெரிஞ்சால் சனம் ஓடர் தராது எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

குகதாசன் அரிந்த பலகையை எடுத்து ஓரமாய்ச் சாத்தினான்.

அவள் கணவனின் கையைத் தொட்டுப் போவோம் என்று காட்டினாள். அவன் நகரவில்லை. குகதாசனைப் பார்த்துவிட்டு, சொல்லு என்பதுபோல மனைவியைப் பார்த்தான்.

"ஓம், மறந்திட்டன்," என்றாள் அவள். "இஞ்சை பாட்டுச் சத்தம் எண்டு அவருக்குச் சொன்னனான், அண்ணை. 'பாவம், அப்ப அந்த அண்ணைக்கும் கேட்டிராது. இனி உதிலை நிண்டு பலகை அரிய வேண்டாமெண்டு சொல்லு, அவரின்ரை கை போயிடும்' எண்டவர்."