குவைத்து ரோடு

"குவைத்துல ரோடு எப்படி இருக்கும் தெரியுமா ஆத்தா? இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி. ஒரு சுருக்கம் இருக்காது."

ஜீப்பின் பின்னாலிருந்து ஹபீப் ராவுத்தர் ஆரம்பித்துவிட்டார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ஜக்கையன் பல்லைக் கடித்தான்.

போடியில் இந்தப் பேச்சைக் கேட்காத ஆள் கிடையாது. குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, ஏலக்காய் வியாபாரத்தில் இறங்கியவர் ராவுத்தர். டீக்கடையில் உட்கார்ந்தாலும் குவைத்து ரோடு, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் குவைத்து ரோடு. "நம்ம ஊர்லயும் ரோடு போட்டிருக்கான் பாரு..." என்று அவர் தொடங்கினாலே பக்கத்தில் இருப்பவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

அதற்காக இன்றைக்குமா?

பின்னால் சாக்கை விரித்துப் படுக்க வைத்திருந்தது ஜக்கையனின் தங்கச்சி அன்னக்கொடியை. காலையில்தான் எஸ்டேட் லயத்து வீட்டில் பிள்ளை பெற்றாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ரத்தப்போக்குதான் நிற்கவில்லை. புருசன்காரன் மலைக்குக் கீழே தேவாரம் ஊருக்குப் போயிருந்தான். சேதி தெரிந்ததும் ஏற்றிய லோடை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு, போடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஜீப்பைக் கொண்டுவந்தான் ஜக்கையன். பச்சைப்பிள்ளையை ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டு மருதாயி ஏறினாள். ஏலக்காய் வாங்க மலைக்கு வந்திருந்த ராவுத்தர், "புடிச்சுக்க ஒரு ஆளு வேணும் மாப்ளே" என்று தானாகவே ஏறிக்கொண்டார்.

போடிமெட்டைத் தாண்டி மலைச்சரிவுக்கு வந்ததும் மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. மழையில் தார் பெயர்ந்து குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அடி தெரியாத பள்ளம்.

ஜீப் ஒரு குழியில் விழுந்து எழுந்தது.

"அண்ணே... மெதுவாண்ணே..." அன்னக்கொடி முனகினாள்.

"கண்ணை மூடிக்க ஆத்தா. குவைத்து ரோட்டுல போறோம்னு நெனைச்சுக்க. நேரா போகும். பள்ளம் கிடையாது, மேடு கிடையாது. வண்டி ஓடுறதே தெரியாது."

"அங்கெல்லாம் மழை பெய்யுமா மாமா?" என்றாள் ஈனசுரத்தில்.

"எப்பவாச்சும் தூறும் ஆத்தா. பேஞ்சாலும் ரோடு கரையாது."

வளைவு வந்தது. உடம்பையே ஸ்டீயரிங்கில் சாய்த்துத் திருப்பினான் ஜக்கையன்.

"அன்னம், கொஞ்சம் தாங்கிக்கத்தா. வெரசா போயிரலாம்."

பதில் இல்லை.

"அன்னம்!"

"கேட்டுக்கிட்டுத்தான் வர்றா மாப்ளே. பேசவிட்டா அசந்துபோவா. நீ ரோட்டைப் பாரு," என்றார் ராவுத்தர். "ஆத்தா, அந்த ஊர்ல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலைன்னா வீட்டு வாசலுக்கே வண்டி வந்துரும். ஏத்துனா ஆசுபத்திரி வாசல்லதான் நிக்கும்..."

மருதாயி விசும்பும் சத்தம் கேட்டது.

"மருதாயி, அழுகாத. பிள்ளையைப் பாரு," என்று அதட்டிவிட்டு மறுபடி ரோட்டுக்கே வந்தார்.

எதிரே மேகத்தைப் பிளந்துகொண்டு லாரி ஒன்று மேலேறி வந்தது. ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தான் ஜக்கையன். பின்சக்கரத்தடியில் கற்கள் சரிந்து பள்ளத்தில் உருண்டன. லாரி உரசாமல் போவதற்குள் அவனுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

அப்போதும் பின்னால் பேச்சு நிற்கவில்லை. "...ரெண்டு பக்கமும் வெளக்கு ஆத்தா. பட்டப்பகல் மாதிரி..."

"ராவுத்தரே!" கத்திவிட்டான் ஜக்கையன். "உங்க பெருமைக்கு ஒரு நேரங்காலம் கிடையாதா? என் தங்கச்சி உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கா. வாயை மூடிக்கிட்டு வாங்க!"

 குரல் கம்மி, "அவளுக்குத்தான் மாப்ளே சொல்றேன்... கேளு ஆத்தா..." என்று மறுபடியும் தொடங்கினார்.

மனுசனா இவர் என்று நினைத்துக்கொண்டான் ஜக்கையன்.

மலையிறங்கி அடிவாரத்து முந்தல் வந்தது. ரோடு சமமானதும்தான் ராவுத்தர் வாயை மூடினார். ஜக்கையன் ஆக்சிலேட்டரை மிதித்தான். போடி ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றதும் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தான்.

டாக்டர் அன்னக்கொடியின் கையைப் பிடித்துப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"உசுரு போயி ரொம்ப நேரமாச்சேப்பா."

 ஜக்கையன் பாய்ந்து ராவுத்தரின் சட்டையைப் பிடித்தான்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தீரே! அவ மூச்சு நின்னது கூடத் தெரியாம அப்படி என்னய்யா பேச்சு? கடைசியா என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பாளே... எல்லாம் உம்ம குவைத்துல போச்சே!"

கூட்டம் கூடிவிட்டது. "சீமைக்குப் போயி வந்தவன் பேச்சே அப்படித்தாம்ப்பா," என்றான் ஒருவன்.

ராவுத்தர் கையை விலக்கவில்லை.  தலையைக் குனிந்தபடி நின்றார். தாடியெல்லாம் நனைந்திருந்தது.

பிள்ளையோடு வந்து நடுவில் நின்றாள் மருதாயி.

"அவரை விடு அப்பு. மழை பெய்யுமான்னு கேட்டாளே, அதோட அவ மூச்சு அடங்கிருச்சு. நான் அலறப்போனேன். இவருதான் என் வாயைப் பொத்துனாரு. 'அண்ணங்காரனுக்குத் தெரிஞ்சா கை நடுங்கிரும், இந்தப் பச்சைமண்ணும் பள்ளத்துல போயிரும்'னு காதுல சொன்னாரு. அவ கண்ணை மூடிவிட்டுட்டு, நீ கேக்கணும்னுதான், மலை இறங்குற மட்டும் செத்தவகிட்டப் பேசிக்கிட்டே வந்தாரு."