பீரங்கிக் குழல்

நாட்டிங்ஹாம் பொம்மைப் போர் விளையாட்டுக் கழகத்தில் போட்டிக்கு வந்திருந்த டாங்கிகள் எதிலும் செய்தவர் பெயர் இல்லை. ஒன்றின் முன்னால் நடுவர் நைஜல் சொக்கிப்போய் நின்றார்.

“துரு பிடிச்ச மாதிரி என்னமா பெயின்ட் அடிச்சிருக்கான். இவனை நம்ம டீமுக்கு இழுக்கணும். இல்லேன்னா அடுத்த மேட்ச்சுல டெர்பி ஊர்க்காரன் நம்மள ஊதித் தள்ளிடுவான்.”

“யாரா இருந்தாலும் சேர்த்துப்பியா?” தேநீர் கொண்டுவந்த மனைவி மொரீன் கேட்டாள்.

“எந்தக் கொம்பனா இருந்தாலும். உனக்கு இதெல்லாம் புரியாது கண்ணு, டீயை வெச்சுட்டுப் போ.”

முதல் பரிசுப் பதக்கத்தை அந்த டாங்கியின்மேல் மாட்டிவிட்டு, பீரங்கிக் குழலைத் தடவிப் பார்த்தார். “இது எந்தக் கடைச் சரக்குன்னுதான் பிடிபடல. நான் பார்த்ததே இல்ல.”

“தினமும் காலைல பார்த்ததுதான், நைஜல். காணோம்னு வீட்டையே புரட்டிப் போட்டியே, மூக்கு முடி வெட்டுற மிஷின், அதுதான். சரி, டீம் பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?”