சாலேர் சதுக்கத்தில் ஒரு கடிதம்

உணவகத்தின் சமையலறையிலிருந்து வெளியே வந்த ஆள் தன்னை நோக்கித்தான் வருகிறான் என்று தெரிந்ததும், அவர் உணவுப் பட்டியலை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

பயனில்லை.

"அண்ணை, என்னைத் தெரியுதோ?"

தெரிந்தது.

பாரிஸிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து சாலேர் என்ற இந்த மலையூருக்கு வந்திருந்தார்கள், அவரும் மனைவி வதனாவும். திருமணமாகி முப்பது வருடம். சுற்றிலும் ஒரு காலத்தில் நெருப்புக் கக்கிய மலைகள். இப்போது உச்சிவரை புல். மலை கக்கி இறுகிய கல்லைக் கொண்டே பல நூறு வருடங்களுக்கு முன் ஊரைக் கட்டியிருந்தார்கள். சுவர், கோபுரம், கூரை எல்லாம் கறுப்பு. வதனா மலைகளைப் படமெடுக்க ஊரின் விளிம்புவரை போயிருந்தாள். அவர் சதுக்கத்து உணவகத்தில் காத்திருந்தார்.

இங்கே ஒரு தமிழ் முகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

அதிலும் இந்த முகத்தை.

நேசராசா. ஒன்பது வருடங்களுக்கு முன் ஓர் அகதி வழக்கு விசாரணையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அவர் மொழிபெயர்ப்பாளர். அவன் தமிழில் சொன்னதை நீதிபதிக்குப் பிரெஞ்சில் சொன்னார்.

எல்லாவற்றையும் அல்ல.

நேசராசா ஈரக் கைகளை ஏப்ரனில் துடைத்தபடி நின்றான். மெலிந்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை. சிரித்தான்.

"அந்தக் கேஸ் தள்ளுப்பட்டுப் போச்சு, அண்ணை. பிறகு எத்தினை வருசம் ஒளிச்சுத் திரிஞ்சன். கடைசியா இந்தக் கடை முதலாளிதான் விசா எடுத்துத் தந்தவர். மனுசியும் மகளும் அடுத்த மாசம் வருகினம். விட்டிட்டு வரேக்கை மகளுக்கு நாலு வயசு. இப்ப என்ரை உயரமாம்."

"சந்தோசம்" என்றார் அவர்.

"உங்களை நான் மறக்கேல்லை. அண்டைக்கு நான் அழேக்கை நீங்கள்தான் தண்ணி எடுத்துத் தந்தனீங்கள். வேற ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை."

தண்ணீர் கொடுத்தது உண்மைதான்.

அவர் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் இருங்கோ, போயிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு நேசராசா கடைக்கு மேலேயிருந்த தன் அறைக்கு ஓடினான். எழுந்து போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வதனாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம். கால்கள் மேசைக்கு வெளியே வந்தும்விட்டன.

அதற்குள் அவன் திரும்பி வந்தான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நீதிமன்றக் கடிதம்.

"கேஸை ஏன் தள்ளினவை எண்டு லோயர் வடிவாச் சொல்லேல்லை. இந்தக் குசினிக்கை சமைக்கேக்கை கதைக்கிற பிரெஞ்சுதான் எனக்குத் தெரியும். இது விளங்காது. மகள் வந்து பிரெஞ்சு படிச்சு, இதை வாசிச்சுப் போட்டுக் கேக்க முதல் நான் தெரிஞ்சு வைச்சிருக்கோணும். ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ, அண்ணை."

அவர் கடிதத்தை விரித்தார். காரணம் இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. மூன்றே வரி.

மாற்றிச் சொல்லலாம். ஊர் நிலைமை சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னால் அவன் நம்புவான். அந்த வாக்கியம் நாக்குவரை வந்தது. முன்பொரு தடவை எவ்வளவு சுலபமாக இருந்ததோ, அவ்வளவு சுலபமாக வந்தது.

அவர் உள்ளதைத் தமிழில் வாசித்தார்.

"தம்பியின் உடலை எப்படி அடையாளம் கண்டார் என்று கேட்டபோது, தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்பதைத் தவிர விண்ணப்பதாரர் வேறெந்த விவரமும் தரவில்லை. எனவே அவர் கூற்றை நம்புவதற்கில்லை."

நேசராசா குனிந்து அந்த மூன்று வரியையும் பார்த்தான்.

"நான் சொன்னனான்தானே, அண்ணை."

"சொன்னனீங்கள்."

அன்றைக்கு அது ஐந்தாவது வழக்கு. சுருக்கமாகச் சொல்லும்படி நீதிபதி இரண்டு தடவை கேட்டிருந்தார். இவனோ அழுதழுது, உடைந்து உடைந்து சொன்னான். நிச்சயமாகத் தெரியுமாம் என்று ஒரு வரியில் மொழிபெயர்த்தால் போதும் என்று அவர் நினைத்தார். போதாது என்று அடுத்த கணமே தெரிந்தது. கையை உயர்த்தி, ஒன்றை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் பிழையை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அவ்வளவுதான். வெறும் கூச்சம்.

"நான்தான் சொல்லாமல் விட்டனான்" என்றார் அவர்.

உள்ளேயிருந்து யாரோ நேசராசாவைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. எதிர்நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கத்துவான் என்று அவர் காத்திருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். ஓரங்களை நீவிவிட்டான்.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப சொல்லுங்கோ. பிரெஞ்சில."

அவர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை. கைகளை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. அன்று அவன் சொன்னதை, அவனாகவே நின்று, பிரெஞ்சில் சொன்னார்.

தம்பியின் சட்டையில் மேல் பொத்தான் அறுந்திருந்தது. வீட்டில் வெள்ளை நூல் இல்லை. அன்று காலை நான்தான் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தேன். வேலைத்தலத்தில் சிரிப்பார்கள் என்று அவன் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு போனான். பிறகு அவர்கள் உடலைக் காட்டியபோது, முகமென்று ஒன்று இருக்கவில்லை. பொத்தான் இருந்தது.

தட்டுகளோடு வந்த பரிசாரகப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து மேசையில் பேச்சு ஓய்ந்தது.

நேசராசா தலையைக் குனிந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான்.

சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.