கத்தரி மேரி

"அக்கா, அந்த ஒண்ணை மட்டும் வெட்டாம குடுத்துடுங்க. எப்படியும் குப்பைக்குத்தானே போவுது?"

நஞ்சம்மா கேட்டதுதான் தாமதம், சூப்பர்வைசர் அன்னமேரி கத்தரியைக் கையில் எடுத்துவிட்டாள்.

ரிமோட் காருக்கு மேல்கூடு பெயிண்ட் அடிக்கிற பட்டறை அது. தொண்ணூற்றிரண்டு வாக்கில் மூக்கண்டப்பள்ளியில் ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. உள்ளே நுழைந்தால் தின்னர் வாசனையும் ரேடியோ பாட்டும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். கூடு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். பெயிண்டை உள்பக்கமாக அடித்தால்தான் வெளியே பளபளவென்று தெரியும். அதனால் எல்லாமே தலைகீழ் வேலை. மேலே தெரிய வேண்டிய கோட்டை முதலில் போட்டுவிட்டு, வண்டியின் நிறத்தைக் கடைசியில் அடிக்க வேண்டும்.

வேலைக்குப் புதுசான நஞ்சம்மா, வீட்டுச் சுவருக்கு அடிக்கிற ஞாபகத்தில் சிவப்பை முதலில் அடித்து, காய்ந்ததும் வெள்ளைக் கோட்டை அழகாக இழுத்துவிட்டாள். திருப்பிப் பார்த்தால் கோடே காணோம். மொழுக்கென்று சிவப்பு. ரிஜெக்ட்.

ரிஜெக்ட் ஆன கூட்டை வெட்டித்தான் குப்பையில் போட வேண்டும். வெட்டாமல் விட்டால் யாராவது கொண்டுபோய் விற்றுவிடுவார்களாம். அது முதலாளி போட்ட சட்டம்.

"எம் பொண்ணு சம்பங்கி இருக்காளே, எங்கம்மா கார் செய்யறாங்கன்னு லைன் வீட்டுப் புள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்காக்கா. ஒருத்தரும் நம்பல. பொய்க்காரின்னு ஆட்டத்துக்கே சேக்க மாட்டேங்கறாங்க. அழுதுக்கினே வர்றா."

"இன்னிக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு வேணும்னே கெடுத்து வெப்பீங்க. போ, போய் வேலையைப் பாரு."

முதலாளி ரூம் கதவு திறந்துதான் இருந்தது. அன்னமேரியும் அங்கே கேட்கிற மாதிரிதான் பேசினாள். நஞ்சம்மா பார்க்கப் பார்க்க, கறுக் கறுக்கென்று நாலு வெட்டு. கூடு தொட்டிக்குள் போய் விழுந்தது.

"பச்சப் புள்ளைக்குக் கேட்டதைக்கூட நறுக்கிப் போடறாளே, பாவி" என்று ஆரம்பித்தாள் பக்கத்து பெஞ்சு நாராயணம்மா. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல போயி முட்டி போட்டா ஆச்சா?"

"கத்தரி புடிக்கலேன்னா கத்தரி மேரிக்குச் சோறு எறங்குமா?" என்றாள் இன்னொருத்தி.

அன்னமேரி காதில் விழட்டும் என்றே பேசினார்கள். முதலாளி தலையை நீட்டிப் பார்த்தார். இவள் இருக்கிற வரைக்கும் ஒரு கூடும் வெளியே போகாது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நஞ்சம்மாவுக்குத் திட்டக்கூட வரவில்லை. அடுத்த கூட்டை எடுத்து, இந்தத் தடவை வெள்ளைக் கோட்டை முதலில் இழுத்தாள்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் நாராயணம்மா தொட்டிக்குள் கையை விட்டு, அந்தச் சிவப்புக் கூட்டை எடுத்து நஞ்சம்மாவின் கூடையில் திணித்தாள்.

"வெட்டினதை வெச்சு நான் என்னக்கா பண்ணட்டும்?"

"அடுப்புல போடு. எடுத்துக்கினு போடின்னா போயேன்."

கேட்டில் வாட்ச்மேன் திம்மராயன் கூடையைத் துழாவினார். கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டு இருந்தது. "ஹோகு, ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டிவிட்டார்.

வீட்டு வாசலில் காத்திருந்த சம்பங்கி கூடைக்குள் பாய்ந்தாள்.

"அது வீணாப்போனது கண்ணு. வெட்டிட்டாங்க..."

"இல்லம்மா. சக்கரத்துக்கு எடம் விட்டே வெட்டி வெச்சிருக்கியே."

நஞ்சம்மா அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். நாலு மூலையிலும் நாலு அரை வட்டம், பிசிறில்லாமல். கூட்டில் சக்கரம் வருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு பதிந்திருக்கும். பெங்களூரில் கூட்டை வண்டியில் மாட்டுகிறவர்கள் அந்தக் கோட்டோடுதான் வெட்டுவார்கள். அன்னமேரியின் கத்தரியும் அந்தக் கோட்டை விட்டு நூலிழைகூட விலகவில்லை.

தேய்ந்த ரப்பர் செருப்பில் சக்கரம் நறுக்கி, சைக்கிள் கம்பியில் கோத்து மாட்டினாள் நஞ்சம்மா. மோட்டார் கிடையாது. சணல் கயிறுதான் ரிமோட். ஆனால் அன்றைக்கு லைன் வீடு முழுக்க சம்பங்கி பின்னால்தான் ஓடியது.

மறுநாள் வந்ததும் வராததுமாக நஞ்சம்மா நேரே அன்னமேரியிடம் போனாள்.

"அக்கா, நேத்து நீங்க..."

முழங்கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. நாராயணம்மா அவளைக் கொட்டகை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வாயை மூடுடி. இங்க புள்ளை பெத்தவ ஒவ்வொருத்தி வீட்லயும் ஒரு கார் ஓடுது. அவளைப் பத்தி நல்ல வார்த்தை ஒண்ணு முதலாளி காதுல விழட்டும், அன்னிக்கே கத்தரியை வேற ஆள் கையில குடுத்துடுவாரு."

"அப்போ நேத்து நீங்கல்லாம் அவங்களை அந்தத் திட்டு திட்டினது?"

"பின்ன? நன்றியை வேற எப்படிச் சொல்றதாம்?"

நஞ்சம்மா திரும்பிப் பார்த்தாள். முதலாளி ரூம் கதவு திறந்திருந்தது. சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊத்தங்கரைப் பக்கம் பிறந்த வாய். அது அன்றைக்கு அன்னமேரியைத் திட்டிய திட்டு, கேட்டில் இருந்த திம்மராயனையே எழுந்து நிற்க வைத்துவிட்டது.

அன்னமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வெட்டுவதற்கு அடுத்த கூட்டை எடுத்தாள்.