வரிசையில் முதல் பெயர்

"நெட் இல்லைங்க சார். காலையில இருந்தே இல்லை. நீங்க அனுப்பின மெயில் எதுவும் எனக்கு வரலை."

வாசலில் நின்றவரிடம் அவள் சொன்னாள். மோடத்தில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவள் அவள். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களை வரிசைப்படுத்தும் புரோகிராமும் அவள் பொறுப்புதான்.

அந்தப் புரோகிராமை எழுதியவர்தான் இப்போது எதிரில் நிற்பவர். காசு வாங்காமல் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விட்டிருந்தார். மெயிலில் 'ஆந்தை' என்றுதான் பெயர் போட்டுக்கொள்வார். என்ன கோளாறு என்று எழுதினாலும் நள்ளிரவில் பதில் வந்துவிடும். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மழிக்காத தாடியும் கசங்கிய சட்டையுமாக, அவள் நினைத்து வைத்திருந்த ஆளாக இல்லை.

"நெட் இல்லைன்னு தெரிஞ்சுதான் நேர்லயே வந்தேன்." ஒரு பென் டிரைவை மேஜைமேல் வைத்தார். "புரோகிராம்ல ஒரு தப்பு இருக்கு மேடம். இப்பவே சரிபண்ணணும்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"இப்பவா? இன்னிக்கு என்ன நிலைமைன்னு தெரியுமா சார்? விபத்துல ஒருத்தருக்கு மூளைச்சாவு. வீட்டுல இருக்கிறவங்க அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. மத்தியானம் ஒரு சிறுநீரகம் இங்கே வருது. வரிசையில முதல்ல இருக்கிற அம்மாவை விடியக்காலையிலேயே நர்ஸ் போன் பண்ணி வரவழைச்சாச்சு. கீழே வார்டுல படுத்திருக்காங்க."

"அந்த வரிசைதான் மேடம் தப்பு."

அவர் உட்கார்ந்துகொண்டார்.

"போன தடவை நான் புரோகிராமை மாத்தினப்ப, தேதியைப் படிக்கிற இடத்துல நாளும் மாசமும் இடம் மாறிடுச்சு. நாள் பன்னெண்டுக்கு மேல இருந்தா தப்பில்லை, அதுக்குள்ள இருந்தா மாறிடும். ஜூலை ரெண்டாம் தேதி பதிஞ்சவங்களைப் பிப்ரவரி ஏழாம் தேதின்னு எடுத்துக்குது. பின்னாடி நிக்க வேண்டியவங்க முன்னாடி வந்துடறாங்க. இன்னிக்குக் காலையில ஒரு தேதியைப் பார்த்தப்பத்தான் எனக்கே உறைச்சது."

அவள் பட்டியலைத் திறந்தாள். வரப்போகும் சிறுநீரகத்தின் ரத்த வகையில் முதல் பெயருக்கு நேராகப் பிப்ரவரி ஏழு. அடுத்து ஒரு லாரி டிரைவர், ஏப்ரல் பத்தொன்பது.

இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்க்காத தில்லுமுல்லு இல்லை. சிபாரிசு, அழுகை, மிரட்டல் எல்லாம் இந்தக் கதவு வழியாகத்தான் வந்திருக்கின்றன. இதுவும் அதில் ஒன்றாக இருக்குமோ என்று மனம் கணக்குப் போட்டது.

"தப்பா நினைக்காதீங்க சார். இத்தனை நாள் மெயில்லயே பேசினவர், இன்னிக்குன்னு பார்த்து ஓடி வந்திருக்கீங்க. நீங்க சொல்றபடி மாத்தினா அந்த லாரி டிரைவர் முதல்ல வந்துடுவார். அவர் உங்களுக்கு வேண்டியவரா?"

"லாரி டிரைவர்ங்கறதே நீங்க சொல்லித்தான் மேடம் எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு அவசரம்? நெட் வந்ததும் உங்க மெயில் தானா வந்திருக்கும். நாளைக்குச் சரிபண்ணியிருக்கலாம். யாரு உங்களைக் கேட்கப்போறாங்க?"

"யாரும் கேட்க மாட்டாங்க." அவர் பென் டிரைவை அவள் பக்கம் தள்ளினார். "நான் எழுதினதை யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம். அதுல ஒளிவுமறைவு இல்லை. என் பேச்சை நம்ப வேண்டாம். அந்த அம்மா எழுதிக் கொடுத்த விண்ணப்பம் உங்ககிட்ட இருக்குமே, அதைப் பாருங்க."

அவள் அலமாரியைக் குடைந்து எடுத்துப் பார்த்தாள். ஜூலை இரண்டு என்று எழுதி, அதன்மேல் முத்திரையும் குத்தியிருந்தது. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. இன்டர்காமில் டாக்டரை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"விண்ணப்பத்துல ஜூலைதானே இருக்கு? அப்ப மாத்திடுங்க. அந்த டிரைவரை உடனே கிளம்பி வரச் சொல்லுங்க. கீழே இருக்கிற அம்மா வீட்டுக்காரர்கிட்டயும் நீங்களே பக்குவமாப் பேசிடுங்க."

ஆந்தை பென் டிரைவைச் செருகினார். கடைசி பட்டன்வரை போன கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தப்பைத் தானே வந்து ஒப்புக்கொள்ளும் எவருக்கும் கை தயங்கத்தான் செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு அழுத்தினார். இரண்டு பெயர்களும் இடம் மாறின.

அவள் முதலில் டிரைவர் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது அவர் மனைவி. "நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பேச முடியாமல் அழுதாள்.

"கேட்டுச்சா சார்? நீங்க வரலைன்னா இது நடந்திருக்காது."

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"இனிமேல்தான் கஷ்டம். அந்த அம்மா காலையில இருந்து பச்சைத்தண்ணி குடிக்காம ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. இன்னொரு சிறுநீரகம் எப்ப வருமோ, அதுவரைக்கும் அவங்க உடம்பு தாங்குமோ தாங்காதோ. அவங்க வீட்டுக்காரர்கிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?"

அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, விண்ணப்பத்திலிருந்த கணவரின் எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.

எதிரில் இருந்தவரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"வெச்சிடுங்க மேடம்," என்றார் ஆந்தை, அதை எடுக்காமலேயே. "அவகிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேன்."